முடிவு அவர்கள் கையில்: டேபிள்டாப் ஆர்.பி.ஜி. நடத்தும் ஜி.எம்.களுக்கு ஒரு கையேடு

"சுரங்கம் ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் போறீங்களா, வலது பக்கம் போறீங்களா?"

டேபிள்டாப் ஆர்.பி.ஜி.யில் ஆளுக்கொரு கேரக்டரை (கதாபாத்திரத்தை) ஆடுபவர்கள் ஆட்டக்காரர்கள்; சுற்றியுள்ள உலகத்தையும் மற்ற எல்லோரையும் நடத்துபவர் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர். இப்படிக் கேட்டால் மேசையில் என்ன நடக்கும் என்று ஒரு டஞ்சனாவது (அறைகளும் பாதைகளும் நிறைந்த ஆபத்தான இடம்) நடத்திய எவருக்கும் தெரியும். ஒருவர் "இடது" என்பார். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்". இன்னொருவர் பகடையை உருட்டி, ஒற்றைப்படை விழுந்தால் வலது என்பார். அரை நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். கேள்வியும் வந்தது, பதிலும் வந்தது, யாரும் எதையும் முடிவு செய்யவில்லை.

அதே சந்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இடது பக்கத்துலேர்ந்து எண்ணெய் கருகின வாசனை வருது. தரையில கனமா எதையோ இழுத்துட்டுப் போன தடம். வலது பக்கம் தண்ணி ஓடுற சத்தம். புழுதியில செருப்பில்லாத சின்னக் காலடி. உள்ள போனது மட்டும் இருக்கு, திரும்பி வந்தது இல்ல."

வழி அதே இரண்டுதான். ஆனால் இப்போது வாக்குவாதம் தொடங்கும். காணாமல்போன பிள்ளைகளைத் தேடி வந்தவர் வலது என்பார். டார்ச் இரண்டுதான் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பவர், எண்ணெய் இருக்கிற பக்கம் போகலாம் என்பார். இரண்டு பேரிடமும் காரணம் இருக்கிறது. மேசையில் காரணத்தோடு சண்டை வந்தால் அங்கே உண்மையான தேர்வு இருக்கிறது என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனை கிடையாது.

கதையைத் தண்டவாளத்தில் ஓட்டுகிற ஜி.எம்.களைப் பற்றித்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். ஆனால் ஆட்டக்காரர் கையிலிருந்து முடிவு நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம் அது இல்லை, ஜி.எம். தகவலைக் கஞ்சத்தனமாகக் கொடுப்பதுதான். சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்கிறோம். எதிரில் இருப்பவர் இருட்டில் கை நீட்டுகிறார்.

முன்னால் தகவல், நடுவில் வித்தியாசம், பின்னால் விளைவு

பிளேயர் ஏஜென்சி (ஆட்டக்காரரின் முடிவு கதையை உண்மையிலேயே மாற்றுவது) என்கிறோமே, அதற்கு இந்த மூன்றும் வேண்டும். தகவல் இல்லையென்றால் குலுக்கல் சீட்டு எடுப்பதுதான். வித்தியாசம் இல்லையென்றால், எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறை. விளைவு இல்லையென்றால், அடுத்த வாரம் யாருக்கும் அந்த முடிவு நினைவில் இருக்காது.

நான்காவதாக ஒரு பொறி உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை: ஒரே ஒரு சரியான விடை. "பத்து வீரர்கள் காவல் நிற்கும் முன்வாசல், யாருமே இல்லாத பின்வாசல்" என்று வைத்தால் அது தேர்வு இல்லை, கூட்டல் கணக்கு. பின்வாசலுக்கு ஒரு விலை வையுங்கள். அங்கே போக ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும், பொழுது விடியப் போகிறது. அல்லது அதன் சாவி, இவர்கள் ஏற்கெனவே ஏமாற்றிய சமையல்காரியிடம் இருக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் "ஏன் போகலாம்" ஒன்று, "ஏன் வேண்டாம்" ஒன்று எழுதிப் பாருங்கள். "ஏன் வேண்டாம்" காலியாக இருந்தால் அது விடை. "ஏன் போகலாம்" காலியாக இருந்தால் அது வெறும் அலங்காரம். இரண்டையும் தூக்கிவிடலாம்.

கதையை எழுதாதீர்கள், நிலவரத்தை எழுதுங்கள்

ஒரு செஷனுக்கு (ஒரு முறை கூடி ஆடும் ஆட்டத்துக்கு) எப்படித் தயாராவது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு, மூன்றாம் லெவலில் நான்கு கேரக்டர்கள், நான்கு மணி நேர ஆட்டம்.

ஆற்றங்கரையில் ஒரு ஊர். மேலே ஒரு அணை. 14 கோப்ளின்கள் (சின்ன உருவ அரக்கர்கள்) அணையைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஊர்க்காரர் மூன்று பேர் பிணை. "கேரக்டர்கள் ஊருக்கு வருவார்கள், தலைவி உதவி கேட்பாள், அணைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள்" என்று எழுதினால் நீங்கள் எழுதியது ஒரு சிறுகதை. அதில் "வார்கள்" என்று முடிகிற ஒவ்வொரு வாக்கியமும் ஆட்டக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு முடிவு. கடையில் வாங்கிய சாகசப் புத்தகத்திலும் இதையே செய்யலாம்: "கேரக்டர்கள் இப்போது இதைச் செய்வார்கள்" என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "செய்யாவிட்டால்?" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

அதற்குப் பதிலாகச் சம்பந்தப்பட்ட ஆட்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி போதும்: என்ன வேண்டும், எதற்குப் பயம், கையில் என்ன இருக்கிறது, யாரும் தலையிடாவிட்டால் என்ன செய்வார்.

கோப்ளின் தலைவனுக்குக் குளிர்காலத்துக்கு 40 மூட்டை தானியம் வேண்டும். பழைய சுரங்கத்திலிருந்து தன் கூட்டத்தைத் துரத்திய ஜந்துவுக்குப் பயம். கையில் பிணைக்கைதிகளும் மதகுச் சக்கரமும். மூன்றாம் நாள் இரவு மதகைத் திறந்துவிடுவான்.

ஊர்த் தலைவிக்கு அணை வேண்டும். களஞ்சியத் தானியத்தை அவள் ரகசியமாக விற்றுவிட்டாள். அது வெளியே தெரிந்தால் தொலைந்தாள். கையில் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. யாரும் தலையிடாவிட்டால் பேச்சுவார்த்தையை இழுத்தடிப்பாள், கொடுக்க அவளிடம் எதுவும் இல்லையே.

கூலிப்படைத் தலைவனுக்கு 200 தங்கக் காசு. கையில் எட்டு ஆள். அவனுடைய பயம் வேறு யாராவது முந்திக்கொள்வது. அதனால் இரண்டாம் நாள் விடியற்காலையில் தாக்குவான். பிணைக்கைதிகள் பிழைப்பது சந்தேகம்.

இது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஆனால் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களிடம் பதில் இருக்கும். தலைவியை மிரட்டலாம், தானியம் திருடிக் கொடுக்கலாம், சுரங்கத்தில் இருக்கிற ஜந்துவைக் கொன்று கோப்ளின்களை வீடு திரும்ப வைக்கலாம், கூலிப்படையோடு சேரலாம். இதில் எது நடக்கும் என்று உங்களுக்கே தெரியாது. ஜி.எம். நாற்காலியில் உட்கார்வதில் இருக்கிற சுகமே அதுதான்.

அணைக்குப் போக மூன்று வழி வையுங்கள். முகட்டுப் பாதை: நான்கு மணி நேரம், பத்திரமானது, ஆனால் அணையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பழைய சுரங்கம்: இரண்டே மணி நேரம், ஆனால் உள்ளே அந்த ஜந்து. படகு: இரவில் மூன்று மணி நேரம், யாருக்கும் தெரியாது, ஆனால் படகுக்காரனின் மகன் பிணைக்கைதிகளில் ஒருவன், "நானும் வருவேன்" என்று படகுக்காரன் அடம்பிடிப்பான். நேரம், ஆபத்து, கடமை என்று மூன்றின் விலையும் வேறு வேறு வகை. ஒரே வகை விலையாக இருந்தால் (இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி) மறுபடியும் கூட்டல் கணக்குத்தான்.

இந்த விவரங்களை மறைக்காதீர்கள். ஆடு மேய்ப்பவரையோ ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியையோ கேட்டால் சொல்லிவிடட்டும், பகடை எதற்கு? ஜந்து என்ன என்பது வேண்டுமானால் புதிராக இருக்கலாம். "உள்ளே ஏதோ இருக்கிறது, கோப்ளின்களே ஓடி வந்துவிட்டன" என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

கடிகாரம் வரையுங்கள், மேசை நடுவில் வையுங்கள்

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற ஆர்.பி.ஜி. 2017-இல் புத்தகமாக வந்த பிறகு பல மேசைகளுக்கும் பரவிய ஒரு கருவி இது. ஒரு வட்டம் வரைந்து 4, 6 அல்லது 8 துண்டாகப் பிரியுங்கள். ஏதாவது நடக்க நடக்க ஒவ்வொரு துண்டாக நிரப்புங்கள். முழுக்க நிரம்பினால் அந்த விஷயம் நடந்துவிடும். எந்த ஆட்ட விதியோடும் ஒத்துப்போகும்.

நம் உதாரணத்துக்கு ஆறு துண்டுக் கடிகாரம், தலைப்பு "மதகு திறக்கிறது". அரை நாளுக்கு ஒரு துண்டு, ஆக மூன்று நாளில் தானாகவே நிரம்பும். அணைப் பக்கம் சத்தம் கேட்டால் ஒன்று கூடுதல். பேச்சுவார்த்தை முறிந்தால் இரண்டு. பேச்சு நல்லபடியாகப் போனால் ஒன்றை அழிக்கலாம்.

இதைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் ஜி.எம்.கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடிகாரம் கண்ணில் பட்டால்தான் "ராத்திரி தூங்கி எழுந்து போவோமா, இப்பவே போவோமா" என்ற கேள்விக்கு எடை வரும். கேரக்டர்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், ஆற்றில் தண்ணீர் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது, மேலே தேங்குகிறது என்று கதைக்குள் ஒரு காரணம் சொல்லுங்கள். போதும்.

நேரத்துக்கு விலை இல்லாவிட்டால் எதற்குமே விலை இல்லை

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) எல்லாம் திரும்பி வந்துவிடும். நேரம் இலவசமாக இருந்தால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கூடாரம் அடித்துப் படுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதுதான் புத்திசாலித்தனம். நெருப்புப் பந்தை இப்போது வீசுவதா, பிறகு வைத்துக்கொள்வதா என்ற நல்ல கேள்வி அதோடு செத்துப்போகும்.

1981-இன் டி அண்ட் டி பேசிக் விதிகளில் இதற்கு ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. டஞ்சனுக்குள் நேரம் பத்து நிமிட டர்ன்களாக ஓடும். ஒரு டார்ச் ஆறு டர்ன் எரியும், லாந்தர் 24 டர்ன். இரண்டு டர்னுக்கு ஒரு முறை ஜி.எம். ஆறு பக்கப் பகடை ஒன்றை உருட்டுவார். 1 விழுந்தால் சுற்றித் திரியும் ஏதோ ஒன்று வந்து சேரும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று உருட்டல், அதில் ஒரு முறையாவது 1 விழும் வாய்ப்பு சுமார் 42%. சுவரைத் தட்டித் தட்டி ரகசியக் கதவு தேடலாமா என்ற கேள்விக்கு இப்போது ஒரு விலை கிடைத்துவிட்டது. இந்த எண்ணை ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். எண் தெரியாமல் வருவது தண்டனையாகத்தான் படும். எண் தெரிந்து துணிவதுதான் சூதாட்டம்.

மேப்பும் இதே வேலையைச் செய்ய வேண்டும். அறைக்குப் பின் அறையாக ஒரே சங்கிலியாக வரைந்தால், எத்தனை கதவு வைத்தாலும் அது நடைபாதைதான். ஜெனல் ஜாக்வேஸ் எழுதி 1979-இல் வெளிவந்த தி கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா என்ற சாகசம் இன்றைக்கும் பேசப்படுவதற்குக் காரணம், அதில் ஒரே இடத்துக்குப் பல வழிகள் போவதும், தளங்களுக்கிடையே ஏறி இறங்கப் பல இடங்கள் இருப்பதும்தான். பத்து அறை மேப் என்றால் குறைந்தது இரண்டு வாசல், சுற்றி வரக்கூடிய இரண்டு வளையம், ஒரு குறுக்கு வழி வையுங்கள்.

பகடை கையிலிருந்து போகும் முன்

மேசையில் அடிக்கடி முடிவு பறிபோவது இந்த ஒரு கணத்தில்தான். ஆட்டக்காரர் ஒன்றை நினைத்துச் சொல்கிறார், ஜி.எம். வேறொன்றைப் புரிந்துகொண்டு "உருட்டு" என்கிறார், 7 விழுந்ததும் "நீ கீழ விழுந்துட்ட, காவலாளி பாத்துட்டான்" என்கிறார். "ஐயோ, அது அவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏறியே இருக்க மாட்டேனே!"

அதனால் உருட்டும் முன் நான்கு விஷயம் வெளியே வரட்டும்: என்ன சாதிக்கப் பார்க்கிறார், எப்படி, தோற்றால் என்ன ஆகும், எவ்வளவு கடினம். பேச்சு இப்படி இருக்கலாம் (டி.சி. என்பது 20 பக்கப் பகடையில், அதாவது டி20-இல், விழுந்த எண்ணோடு கேரக்டரின் கூடுதலையும் சேர்த்து எட்ட வேண்டிய எண்; 2டி6 என்றால் ஆறு பக்கப் பகடை இரண்டு; டேமேஜ் என்றால் படும் அடி):

"கூரை மேல ஏறுறேன்."

"எதுக்கு? உள்ள எட்டிப் பாக்கவா, உள்ள இறங்கவா?"

"இறங்கத்தான். பிணைக்கைதிங்க பின்கட்டுல இருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"சரி. ஓடு ஈரமா இருக்கு, உயரம் இருபது அடி. டி.சி. 15. தவறினா 2டி6 டேமேஜ், சத்தமும் கேக்கும், கடிகாரத்துல ஒரு துண்டு போயிடும். கயித்தைக் கட்டி ஏறினா டி.சி. 10, ஆனா பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள காவல் ஒரு சுத்து வரும், கயிறு தொங்குறதை எப்படியாவது மறைக்கணும்."

"…கயிறு. மறைக்கிறது இவன் பொறுப்பு."

இதில் எண்ணைப் பாருங்கள். ஏறுவதில் +5 உள்ள கேரக்டருக்கு டி.சி. 15 என்றால் 55% வாய்ப்பு, டி.சி. 10 என்றால் 80%. அந்த 25 சதவீதத்தைப் பத்து நிமிடம் கொடுத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி. விதிகளை முழுக்கப் படிக்காத ஆட்டக்காரர்கூட இதைப் புரிந்துகொண்டு பதில் சொல்வார்.

பிளேட்ஸ் இதையே விதியாக ஆக்கியிருக்கிறது. ஒவ்வொரு உருட்டலுக்கு முன்பும் நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தானதா, உயிர்போகிற கட்டமா என்றும், வென்றால் பலன் கொஞ்சமா, வழக்கமா, பெரிதா என்றும் ஜி.எம். சொல்லியாக வேண்டும். அதைக் கேட்ட பிறகு ஆட்டக்காரர் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். 2010-இல் வந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் வேறு வழியில் போகிறது: இரண்டு ஆறு பக்கப் பகடை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஜி.எம். கை ஓங்கும், நடுவில் 7 முதல் 9 வரை வந்தால் வெற்றி உண்டு, ஆனால் ஒரு விலையோடு. அந்த விலையைப் பல இடங்களில் ஆட்டக்காரரே தேர்ந்தெடுப்பார். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாமல் உருட்டினால் 7–9 விழும் வாய்ப்பு சுமார் 42%. அதாவது பகடையே அடிக்கடி ஒரு புதுத் தேர்வைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறது. டி20 ஆட்டத்திலும் இதைக் கடன் வாங்கலாம். டி.சி.யை இரண்டு மூன்று எண்ணில் தவறவிட்டால், "ஏறிடலாம், ஆனா பை கீழ விழுந்துடும். இல்லன்னா பையைப் பிடிச்சுக்கிட்டு பாதியில தொங்கணும். எது?" என்று கேளுங்கள்.

இன்னொரு திருட்டு கண்ணுக்கே தெரியாது: ஒரே காரியத்துக்குத் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வது. மதிலுக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று, படிக்கட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று பதுங்கிப் போக நான்கு முறை கேட்டால், ஒவ்வொன்றிலும் 80% இருந்தாலும் நான்கிலும் தப்பும் வாய்ப்பு 41%-தான். சொன்னது ஒரு எண், கொடுத்தது வேறு எண். பர்னிங் வீல் என்ற ஆட்டத்தின் விதியில் ஒரு முறை உருட்டினால் நிலைமை பெரிதாக மாறும்வரை அந்த முடிவே செல்லும். எந்த ஆட்டத்திலும் அதைப் பின்பற்றுங்கள்.

தோற்றால் ஒன்றுமே நடக்காது என்றால் உருட்டவே வேண்டாம்.

துப்புகளைப் பூட்டி வைக்காதீர்கள்

புலனாய்வுச் சாகசங்களில் இது உயிர்நாடி. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய விஷயம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிப் பிரபலமான விதி இது. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கை கொடுக்கும். தலைவி தானியத்தை விற்றது தெரிய வேண்டுமா? களஞ்சியத்தில் எலிகூட இல்லை. வணிகனின் கணக்குப் புத்தகத்தில் அவள் முத்திரை. கோப்ளின் தலைவனே சொல்வான்: "நாங்க திருடப் போனப்பவே அது காலி."

ராபின் லாஸின் கம்ஷூ என்ற புலனாய்வு ஆட்ட முறை இன்னும் ஒரு படி மேலே போய், முக்கியத் துப்புக்குப் பகடையே தேவையில்லை என்கிறது. சரியான இடத்தில், சரியான திறமையோடு தேடினால் கிடைத்துவிடும். சுவாரசியம் துப்பு கிடைப்பதில் இல்லை. கிடைத்த பிறகு தலைவியை ஊர் முன்னால் அம்பலப்படுத்துவதா, தனியாக மிரட்டிக் காரியம் சாதிப்பதா என்பதில் இருக்கிறது.

இடம் மாறும் ஓகர்

குவாண்டம் ஓகர் (ஓகர் என்பது ஒரு பெரிய அரக்கன்) என்ற பெயரில் ஜி.எம்.கள் வட்டாரத்தில் ஓயாமல் நடக்கும் சண்டை இது. காட்டில் இரண்டு பாதை. நீங்கள் ஒரு ஓகரைத் தயார் செய்து வைத்திருக்கிறீர்கள். எந்தப் பாதையில் போனாலும் அந்த ஓகர் எதிரே வந்து நிற்கிறது. இது ஏமாற்று வேலையா?

ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பாதைகளைப் பற்றி எதுவும் தெரியாது, கேட்கவும் இல்லை என்றால், நீங்கள் எதையும் பறிக்கவில்லை. உழைப்பை வீணாக்காமல் பார்த்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். (அப்படி ஒரு குருட்டுச் சந்தியை வைத்ததே தவறு என்பது தனிக் கதை.) ஆனால் ரேஞ்சர் தடம் பார்த்து "ஓகர் கிழக்கே போயிருக்கு" என்று அறிந்த பிறகு, அதைத் தவிர்க்கவே மேற்கே திரும்பினார்கள் என்றால், மேற்கில் ஓகரை நிறுத்துவது திருட்டு. அவர்கள் நேரமும் திறமையும் செலவழித்து வாங்கிய தகவலை நீங்கள் செல்லாக்காசு ஆக்கிவிட்டீர்கள். ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் அந்த மேசையில் யாரும் தடம் பார்க்க மாட்டார்கள்.

வில்லன் தப்பிக்க வேண்டும் என்பதற்காகப் பகடையைப் பொய்யாகச் சொல்வதும் இதே குடும்பம். 1984-இல் தொடங்கிய டி அண்ட் டி-யின் டிராகன்லான்ஸ் சாகசங்களில், கதைக்குத் தேவைப்படும் பாத்திரம் செத்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டு பிறகு திரும்பக் கொண்டுவரலாம் என்று ஜி.எம்.க்கு யோசனையே சொல்லப்பட்டிருந்தது. பெரிய காவியம் சொல்ல அது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் ஆட்டக்காரர்கள் வில்லனை இரண்டாவது செஷனிலேயே வீழ்த்திவிட்டால், அவன் செத்தான். அவன் நாற்காலிக்கு யார் வருவார், அந்தச் சண்டையில் யார் பக்கம் இவர்கள் நிற்பார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் எழுதி வைத்திருந்ததைவிட அது நன்றாகவே இருக்கும்.

விளைவு என்றால் தண்டனை என்று எண்ண வேண்டாம்

கருணை காட்டினால் முதுகில் குத்துவது, கொன்றால் ஊர்க் காவல் துரத்துவது, நம்பினால் ஏமாற்றுவது என்று எந்த முடிவுக்கும் அடி விழுந்துகொண்டே இருந்தால், ஆட்டக்காரர்கள் முடிவெடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். எதிலும் படாமல் சந்தேகத்தோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், அதை உருவாக்கியவர் எந்த ஜி.எம். என்று தேட வேண்டியிருக்கும்.

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் அவர்கள் எடுத்த பெரிய முடிவு, ஒரு செஷனுக்கு மூன்று நான்குக்கு மேல் இராது. வலது பக்கம் அதனால் யார் மகிழ்ந்தார், யார் நொந்தார். அடுத்த செஷன் தயாரிக்கும்போது அதிலிருந்து இரண்டையாவது உள்ளே கொண்டு வாருங்கள், ஒன்றாவது நல்லதாக இருக்கட்டும். வரும்போது காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நீங்க படகுக்காரனைக் கூட்டிட்டுப் போனதால அவன் மகன் உயிரோட வந்தான். அவன் ராத்திரியோட ராத்திரியா உங்களைக் கரை சேத்துடுறேங்கிறான்." சொல்லாவிட்டால், அது தற்செயலாக வந்த உதவி என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விளைவு ஆட்டத்தில் இல்லாத விளைவு.

எங்கே சிக்கும், எப்படி எடுப்பது

"என்ன வேணா பண்ணலாம், என்ன பண்றீங்க?" என்று கேட்டதும் மௌனம் என்றால், கதவு அதிகமாகிவிட்டது. மூன்றைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் எங்கே, எவ்வளவு நேரம், யாருக்குக் கோபம் வரும் என்று ஒரே வரி. கூடவே "இது இல்லாம வேற யோசனை இருந்தாலும் சரி" என்று முடியுங்கள். புதிதாக ஆட வந்தவர்களுக்கு இது கட்டாயம்.

விவாதம் பத்து நிமிடத்தைத் தாண்டி ஒரே இடத்தில் சுற்றினால், பெரும்பாலும் ஒரு தகவல் குறைகிறது. "எது தெரிஞ்சா முடிவு பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கேரக்டருக்குத் தெரிந்திருக்கக்கூடியது என்றால் சொல்லிவிடுங்கள். அப்படியும் நகராவிட்டால் கடிகாரத்தில் ஒரு துண்டை நிரப்பக் கையைக் கொண்டுபோங்கள். பேச்சு தானாக முடியும்.

அபத்தமாக ஏதோ செய்யப்போகிறார் என்று தோன்றினால் "நிச்சயமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது மிரட்டல் போல ஒலிக்கும், தகவல் எதுவும் தராது. பத்தில் ஒன்பது முறை அவர் மனக்கண்ணில் இருக்கும் காட்சி வேறாக இருக்கும். "பள்ளத்தோட அகலம் முப்பது அடி, உன் கேரக்டர் தாண்டக்கூடியது பதினஞ்சு" என்று சொல்லுங்கள். அதன் பிறகும் குதித்தால், குதிக்கட்டும்.

நீங்கள் நினைத்தே பார்க்காத பக்கம் போனால், ஐந்து நிமிடம் டீ இடைவேளை விடுங்கள். பத்துப் பெயர்கள், மூன்று எதிரிகளின் எண்கள், ஒரு வெற்று மேப் எப்போதும் கைவசம் இருக்கட்டும். மற்றபடி அந்த நான்கு வரி ஆட்களைப் பாருங்கள்: இதைக் கேள்விப்பட்டால் கோப்ளின் தலைவன் என்ன செய்வான்? பதில் அங்கேயே இருக்கும்.

ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்தால் முடிவைக் கேரக்டர் வாரியாகப் பிரியுங்கள். "நீ கயிறு பிடிக்கிற, சரி. அந்த நேரம் நீ என்ன பண்ற?" என்று பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என் கேரக்டர் அப்படித்தான்" என்று சொல்லி மற்றவர் பையிலிருந்து திருடுபவருக்கு ஒரே விதி போதும்: இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டர் மேல் கை வைக்கும் எதுவும் பாதிக்கப்படுபவர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

கேரக்டரைக் கட்டிப்போடும் மந்திரங்களில் கவனம் வேண்டும். ஹோல்டு பெர்சன் (ஆளை அசையவிடாமல் கட்டும் மந்திரம்) மாட்டினால் ஒவ்வொரு டர்ன் (சண்டையில் அவர் முறை) முடிவிலும் மறுபடி சேவ் (தப்பிக்கும் உருட்டல்) உருட்டலாம். ஆனாலும் ஐந்து பேர் மேசையில் ஒரு சுற்று வருவதற்கே கால் மணி நேரம் ஆகலாம், அவர் மொபைலை நோண்டிக்கொண்டிருப்பார். அதுவரை ஒரு கோப்ளினின் பாத்திரத்தை ஆடும்படி அவரிடம் சொல்லுங்கள். மனத்தை வசியம் செய்யும் எதிரி வந்தால், "அவன் சொல்றதைச் செய், இல்லன்னா ஒவ்வொரு டர்னும் 1டி8 டேமேஜ் வாங்கிக்கிட்டு எதிர்த்து நில்" என்று மாற்றி வையுங்கள். பயங்கரம் குறையாது, முடிவு அவரிடமே இருக்கும்.

"நீங்க கண் முழிக்கிறப்ப சிறையில இருக்கீங்க" என்று செஷனைத் தொடங்காதீர்கள், ஒரே ஒரு விதிவிலக்கு தவிர: கேம்பெயினின் (பல செஷன் நீளும் தொடர்கதையின்) முதல் காட்சி, எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. நடுவில் பிடிபட வைத்தே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிடுங்கள்: "முப்பது பேர் சுத்தி நிக்கிறாங்க. சரணடைஞ்சா ஆயுதம் போகும், உயிர் இருக்கும். சண்டை போட்டா யாராவது சாகலாம். ஒருத்தர் மட்டும் தப்பி ஓட முடியும், யாருன்னு நீங்களே சொல்லுங்க." மூன்றுக்கும் உண்மையிலேயே தயாராக இருங்கள்.

செஷன் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது, "அடுத்த வாரம் எங்க போகப்போறீங்க?" என்று கேட்டு, பதிலை எல்லோர் முன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் தயாரித்தால் போதும், உங்கள் வேலை பாதியாகும். மறுவாரம் வந்து மனதை மாற்றிக்கொண்டால் பத்துப் பெயர்களையும் வெற்று மேப்பையும் எடுங்கள்; தயாரித்தது அடுத்த மாதத்துக்கு ஆகும்.